கலாசாலைகளில் படக்காட்சி: வரம் கொடுத்தது சட்டம், தடுப்பது யார்?

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள ஒரு கலாசாலையில் நல்லதொரு சினிமாப் படத்தை மாணவர்களுக்குக் காட்டவேண்டுமென்று ஓர் ஆசிரியர் விரும்பினால், அவர் முன் முதலில் வந்து நிற்கும் கேள்வி படத்தின் குணதோஷத்தைப் பற்றியதன்று. "லைசென்ஸ் வாங்க வேண்டாமா? அதற்குப் பணம் எங்கே?" என்பதே அந்தக் கேள்வி. கலாசாலைத் தலைவர் தயங்குகிறார். கணக்கர் கையை விரிக்கிறார். ஆசிரியரும் ஆசையை அடக்கிக்கொண்டு போய்விடுகிறார். சர்க்கார் கலாசாலையில் பயிலும் ஏழை மாணவனுக்குச் சிறந்ததொரு கல்விச் சாதனம் இவ்விதமாகக் கிடைக்காமற் போகிறது.

இந்த அச்சம் ஆதாரமற்றது என்பதே நமது அபிப்பிராயம். கலாசாலைக்குள்ளே, கலாசாலையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் படம் காட்டுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டியதில்லை, ஆகவே ஒரு காசும் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை என்று சுதந்திர இந்தியாவின் சட்டமே கூறுகிறது. அந்தச் சட்டம் கொடுத்த வரத்தை நம்மவர்களின் அறியாமையும், கம்பெனிகளின் ஒப்பந்தங்களும், சர்க்காரின் அசட்டையும் சேர்ந்து பயனற்றதாக்குகின்றன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

சட்டம் கூறுவது என்ன?

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றியே எவரும் செய்யக்கூடிய காரியங்கள் இன்னின்ன என்று வரிசையாகக் கூறுகிறது. கல்வி ஸ்தாபனம் ஒன்று தன் நடவடிக்கைகளின் போக்கில் சினிமாப் படம் காட்டுவதும் அவ்வரிசையில் ஒன்று. 2012-ம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் இது 52 (1) பிரிவின் 'ஜே' ஷரத்தாக இருந்து வருகிறது. பார்ப்பவர்கள் இன்னார்தான் என்பதே அதன் நிபந்தனை. ஸ்தாபனத்தின் ஆசிரியர்கள், சிப்பந்திகள், மாணவர்கள், அம்மாணவர்களின் பெற்றோர்கள், பாதுகாவலர்கள், ஸ்தாபனத்தின் நடவடிக்கைகளோடு சம்பந்தமுள்ளவர்கள் ஆகிய இவர்கள் மட்டும் பார்க்கலாம். பாடம் நடத்துவதற்காகத்தான் படம் காட்டவேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. கல்வி ஸ்தாபனத்தின் நடவடிக்கைகள் என்றே சொல்லுகிறது. இலக்கிய மன்றமும், நாட்டு நலப்பணித் திட்டமும், மாணவர் திரைப்படக் கழகமும் கலாசாலையின் நடவடிக்கைகளே என்பதை யார் மறுக்க முடியும்?

நமது சட்டத்தின் தாராளத்தை அறிய வேண்டுமானால் அந்நிய தேசங்களின் சட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1988-ம் வருஷத்துச் சட்டமும் பள்ளிக்கூடங்களுக்கு இத்தகைய சலுகை ஒன்றை அளிக்கிறது. ஆனால் அங்கே படம் போதனைக்காகக் காட்டப்பட வேண்டும். மாணவனின் பெற்றோர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவரைப் பள்ளிக்கூடத்தோடு நேரான சம்பந்தமுடையவராகக் கருதக்கூடாது என்றும் அச்சட்டம் வெளிப்படையாகச் சொல்லுகிறது. நமது சட்டமோ பெற்றோரையும் வருக வருகவென்று உள்ளே அழைக்கிறது. பிள்ளை படிக்கும் இடத்தில் தாயும் தகப்பனும் உடன் உட்கார்ந்து படம் பார்ப்பதில் குற்றம் காண நமது சட்டசபைக்கு மனம் வரவில்லை. பிரிட்டிஷார் 1914-ம் வருஷத்தில் நம்மீது சுமத்திய பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு தானே இயற்றிய சட்டத்தில் இந்த விசாலமான நோக்கம் இருப்பது நமக்குப் பெருமை தருவது.

எனினும் உரிமைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. கலாசாலைக் கலைவிழாவில் வெளியாருக்கும் டிக்கட் விற்றுப் படம் காட்டினால் இந்த ஷரத்தின் பாதுகாப்பு கிட்டாது. ஊராரையெல்லாம் அழைத்து மைதானத்தில் காட்டினாலும் கிட்டாது. அத்தகைய காட்சிகளுக்கு உரிமையாளரின் அனுமதி பெற்றே ஆகவேண்டும். திருட்டுப் பிரதிகளை நாம் ஒருபோதும் ஆதரிப்பவர்களல்லர். நேர்மையான பிரதியைக் கொண்டு, சொந்த மாணவர்களுக்கு, சொந்த மண்டபத்தில் காட்டும் படத்தைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

பூசாரியின் தடை

அப்படியானால் தொல்லை எங்கே இருக்கிறது? படத்தின் பிரதியில் இருக்கிறது. முன்னாட்களில் படச்சுருளை வாடகைக்கு எடுக்கலாம். பின்னர் ஒளித்தட்டைக் கடையில் விலைக்கு வாங்கலாம். வாங்கிய தட்டு கலாசாலையின் சொத்து. அதைச் சட்டத்துக்கு உட்பட்டுத் தாராளமாகக் காட்டலாம். இன்றோ ஒளித்தட்டுக் கடைகள் அருகிவிட்டன. இணையத்தின் மூலம் மாதச் சந்தாவுக்குப் படம் காட்டும் கம்பெனிகளிடமே பெரும்பாலான படங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சந்தா கட்டுகிறவன் படத்தை வாங்குகிறவன் அல்லன். பார்க்கும் அனுமதியை மட்டும் பெறுகிறவன். நெட்பிளிக்ஸ் போன்ற கம்பெனிகளின் ஒப்பந்தத்தில், சந்தாதாரர் தமது சொந்த உபயோகத்துக்கு, தமது குடும்பத்தோடு மட்டும் பார்க்கவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. சட்டம் திறந்துவிட்ட கதவை ஒப்பந்தம் இழுத்துச் சாத்துகிறது. சட்டசபையில் விவாதித்து ஜனங்களின் பிரதிநிதிகள் தந்த உரிமையை, எவரும் வாசித்துப் பாராமல் 'சம்மதம்' என்று பொத்தானை அழுத்தும் ஓர் ஒப்பந்தம் விழுங்கிவிடுவது நியாயமா என்று கேட்கிறோம்.

அந்தக் கம்பெனி தான் தயாரித்த சில டாக்குமெண்டரிப் படங்களைக் கல்விக்காக, லாப நோக்கமின்றி, கட்டணம் வாங்காமல் காட்டலாம் என்று தானாகவே அனுமதித்திருப்பதையும் நாம் குறிப்பிட வேண்டும். இது நல்ல காரியம். ஆனால் தயவு வேறு, உரிமை வேறு. தயவு காட்டுகிறவர் நாளைக்கு மனம் மாறலாம். ஒரு தேசத்தின் கலாசாலைகள் கம்பெனிகளின் தயவில் கல்வி புகட்டும் நிலைமை வரக்கூடாது.

அமெரிக்காவின் பாடம்

எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் என்ற முறை முற்றினால் என்னவாகும் என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே வகுப்பறையில் ஆசிரியர் நேரே நின்று பாடமாகக் காட்டும் படத்துக்கு மட்டுமே சட்டம் விலக்கு அளிக்கிறது. மாணவர் கழகம் ஒன்று மாலை நேரத்தில் படம் காட்டினால் லைசென்ஸ் வாங்க வேண்டும். 1937-ம் வருஷத்தில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் தொடங்கிய ஸ்வாங்க் கம்பெனி போன்றவை இதையே பெரிய வியாபாரமாக நடத்தி வருகின்றன. ஒரே ஒரு காட்சிக்கு நூற்றுக்கணக்கான டாலர் கட்டணம் என்பது அங்கே சர்வ சாதாரணம்.

கானொப்பி என்ற கம்பெனியின் கதை இன்னும் விசித்திரமானது. சர்வகலாசாலைப் புத்தகசாலைகளுக்கு ஆயிரக்கணக்கான படங்களை அது திறந்துவிட்டது. மாணவர்களுக்கு இலவசம், ஆனால் ஒரு படத்தைச் சில தடவை சிலர் பார்த்துவிட்டால், அந்தப் படத்துக்கு ஓராண்டு லைசென்ஸ் கட்டணம் புத்தகசாலையின் கணக்கில் ஏறிவிடும். மாணவர்கள் எவ்வளவுக்கெவ்வளவு ஆர்வமாகப் பார்த்தார்களோ அவ்வளவுக்கவ்வளவு கடன் ஏறிற்று. பணக்காரச் சர்வகலாசாலைகளே தாங்கமாட்டாமல் அனுமதியைச் சுருக்கின. 2019-ம் வருஷத்தில் நியூயார்க் பொதுப் புத்தகசாலை அந்தத் தொடர்பையே விட்டுவிட்டது. டாலரில் வரவு செலவு செய்யும் நகரத்துக்கே இந்தக் கதியானால், கிருஷ்ணகிரி ஜில்லாவின் சர்க்கார் கலாசாலை எந்த மூலைக்கு? நமது சட்டம் அமெரிக்கச் சட்டம் போன்றதன்று. அப்படியிருக்க, அந்நிய வழக்கத்தைப் பார்த்துப் பயந்து நாமே வலிய லைசென்ஸ் என்ற விலங்கை மாட்டிக்கொள்வது அறிவீனம்.

கல்விக்காகச் சட்டம் கொடுத்த விலக்கைத் துணிந்து காத்துக்கொண்டவர்களும் நம் தேசத்தில் இருக்கிறார்கள். தில்லி சர்வகலாசாலையில் மாணவர்களுக்குப் பாடப் பகுதிகளை நகல் எடுத்துக் கொடுத்த ராமேஸ்வரி என்ற சிறு கடையின்மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2016-ம் வருஷத்தில் தில்லி ஹைக்கோர்ட்டு, இதே 52-வது பிரிவில் 'ஜே' ஷரத்துக்கு முந்திய 'ஐ' ஷரத்தைக் கொண்டு, போதனைக்கு வேண்டிய நகல் குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருஷம் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கம் அமைத்து அவ்வழக்கில் நேரே கலந்துகொண்டு வாதாடியதை மறக்கலாகாது. உரிமை என்பது ஏட்டில் கிடந்தால் போதாது. எடுத்துப் பிரயோகிப்பவனுக்கே அது உரிமை.

பொதுப் பணம், பொதுச் சொத்து

படப் பிரதி கிடைக்கவில்லை என்ற குறைக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. முதலாவது, பதிப்புரிமைக் காலம் தீர்ந்த பழைய படங்கள். நமது சட்டப்படி சினிமாப் படத்தின் உரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷ காலமே நீடிக்கும். 1939-ம் வருஷத்தில் கே. சுப்பிரமணியம் எடுத்து, பின்னர் பிரிட்டிஷ் சர்க்கார் தடை செய்த 'தியாக பூமி', 1952-ல் வெளிவந்த 'பராசக்தி', 1955-ல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பாதேர் பாஞ்சாலி' ஆகியவற்றின் காலம் தீர்ந்துவிட்டது. அவற்றிலுள்ள பாட்டுக்கும் கதைக்கும் தனிக் கணக்கு உண்டென்றாலும், கலாசாலைக் காட்சிக்கு 'ஜே' ஷரத்தே துணை நிற்கிறது.

நமது எல்லைப் பிரதேசத்துக்கு மிகவும் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீதியில் ஒலிக்கின்றன. ஒரே வகுப்பில் மூன்று தாய்மொழிகளைப் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். அண்டையிலுள்ள கோலார் ஜில்லாவைச் சேர்ந்த பி.ஆர். பந்துலு 1961-ம் வருஷத்தில் தமிழில் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். அதே வருஷத்தில் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா' எடுத்தார். வ.உ. சிதம்பரம் பிள்ளையின் தியாகத்தையும், வெள்ளையரை எதிர்த்த கன்னட ராணியின் வீரத்தையும் ஒரே மனிதர் இரு மொழிகளில் திரையில் காட்டினார். இவ்விரண்டு படங்களின் உரிமைக் காலமும் 2021-ம் வருஷத்தோடு முடிந்தது. இவற்றை அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் ஓசூர்க் கலாசாலைகளில் காட்டினால், எல்லைத் தகராறு பேசி வயிறு வளர்ப்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் வேறென்ன வேண்டும்?

இரண்டாவது மார்க்கம், பொதுப் பணத்தில் எடுத்த படங்கள். 1948-ம் வருஷத்தில் பிலிம்ஸ் டிவிஷன் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான டாக்குமெண்டரிப் படங்களை அது எடுத்தது. 1955-ல் குழந்தைகள் திரைப்படச் சங்கம் ஏற்பட்டது. 1960-ல் ஏற்பட்ட பிலிம் பைனான்ஸ் கார்ப்பொரேஷன், மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' போன்ற படங்களுக்குக் கடன் கொடுத்தது. 1964-ல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டது. அது தன் படச்சுருள்களைத் திரைப்படச் சங்கங்களுக்கும் கல்வி ஸ்தாபனங்களுக்கும் கொடுத்து உதவி வந்தது. 2022-ம் வருஷத்தில் பிலிம்ஸ் டிவிஷன், குழந்தைகள் திரைப்படச் சங்கம், ஆவணக் காப்பகம் ஆகியவையெல்லாம் தேசியத் திரைப்பட அபிவிருத்திக் கார்ப்பொரேஷனோடு இணைக்கப்பட்டன. இணைத்ததன் பலன் ஜனங்களுக்கு என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வரி கொடுத்தவன் குடியானவன்; அவன் மகன் படிக்கும் கலாசாலைக்கு அந்தப் படங்களின் பிரதி இலவசமாக வரவேண்டாமா? கார்ப்பொரேஷன் என்ற பெயர் வந்துவிட்டதால், பொதுச் சொத்தை வியாபாரச் சரக்காகக் கருதும் புத்தியும் வந்துவிடலாகாது.

பொதுச் சொத்து என்றதும் பாரதியாரின் ஞாபகம் வராமலிராது. 1949-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் அவருடைய நூல்களின் உரிமையைப் பெற்று, ஜனங்களுக்கு உரியதாக்க வழி செய்தது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதைப் பணம் பெறாமலே சர்க்காரிடம் ஒப்படைத்தார். இன்று பாரதியார் பாட்டைப் பாட எந்தக் குழந்தையும் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரு சினிமா முதலாளி அன்று காட்டிய பெருந்தன்மையை இன்றைய பட முதலாளிகளிடமும் எதிர்பார்ப்பது தவறாகுமா?

தொழிலாளர் செய்த குற்றம் என்ன?

இதுவரையில் கலாசாலைகளைப் பற்றிச் சொன்னோம். நமது பிரதேசத்தின் மற்றொரு பாதியை மறந்துவிட்டால் நாம் கடமை தவறியவர்களாவோம். ஓசூர் தொழில் நகரம். 1980-ம் வருஷத்தையொட்டி மோட்டார்த் தொழிற்சாலைகள் இங்கு வந்தன. பின்னர்க் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. இப்பொழுது கைப்பேசி உறுப்புகளும் மின்சார வாகனங்களும் இந்த ஜில்லாவில் உற்பத்தியாகின்றன. பல ஜில்லாக்களிலிருந்தும் வெளி மாகாணங்களிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களில் பலருக்கு வயது 19, 20. கலாசாலைப் பெண்ணுக்கும் அதே வயதுதான்.

கலாசாலைப் பெண் தன் மண்டபத்தில் கட்டணமின்றிப் படம் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. தொழிற்சாலை விடுதிப் பெண்ணுக்கு இடம் தரவில்லை. விடுதி கல்வி ஸ்தாபனமன்று. இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். அதே 52-வது பிரிவின்படி, குடியிருப்பிலுள்ள பொதுக் கூடத்தில் வசிப்பவர்கள் இசைத்தட்டுக் கேட்கலாம். லாப நோக்கமில்லாத சங்கத்தில் கேட்கலாம். பொழுதுபோக்காக நடிப்போர் சங்கம் கட்டணம் வாங்காமல் நாடகம் போடலாம். படம் மட்டும் காட்டக்கூடாது! பாட்டுக்கும் நாடகத்துக்கும் உள்ள சலுகை படத்துக்கு ஏன் இல்லை? படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவளுக்கே நல்ல படம் அதிகமாகத் தேவை. அந்தப் பெண்கள் செய்த குற்றம் என்ன? ஏழ்மையைத் தவிர வேறொன்றும் நமக்குத் தெரியவில்லை.

ஆட்சேபங்கள்

பட முதலாளிகள் நஷ்டமடைவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். லக்ஷக்கணக்கில் பணம் போட்டு, நூற்றுக்கணக்கானோரின் உழைப்பால் உருவாகும் படத்துக்குப் பிரதிபலன் கிடைக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆகவேதான் புதுப்படம் கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருக்கும்பொழுது கலாசாலைகள் அதைக் காட்டாமலிருப்பது உசிதம் என்று சொல்லுகிறோம். சட்டம் கேட்காவிட்டாலும் கண்ணியம் கேட்கிறது. ஆனால் கொட்டகையை விட்டு நீங்கிப் பல வருஷமான படத்தை 200 மாணவர்கள் ஒரு மாலை பார்ப்பதால் யாருடைய பெட்டியும் காலியாகிவிடாது.

சினிமாவே மாணவர்களைக் கெடுப்பது என்று சொல்லும் பெரியோர்களும் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ம் வருஷத்தில் பிறந்த ராஜாஜி அவர்களுக்கே சினிமாவில் நல்லெண்ணம் கிடையாது. ஆயினும் நடந்ததென்ன? அவர் எழுதிய 'திக்கற்ற பார்வதி' கதை 1974-ல் சிங்கீதம் சீனிவாச ராவின் டைரக்ஷனில் படமாயிற்று. அவருடைய சொந்த ஊரான தொரப்பள்ளியிலேயே அது எடுக்கப்பட்டது. தமிழ்ப் படத்துக்கான தேசியப் பரிசையும் பெற்றது. மதுவினால் ஒரு குடியானவக் குடும்பம் அழிவதைக் காட்டும் அந்தப் படத்தை ஓசூர் மாணவன் ஓசூரிலேயே பார்க்க வேண்டாமா? கெட்ட படத்தை அவன் கைப்பேசியில் தனியே பார்ப்பதை எவராலும் தடுக்க முடியவில்லை. நல்ல படத்தை நூறு பேரோடு பார்த்து, ஆசிரியர் முன்னிலையில் வாதம் செய்வதையாவது நாம் தடுக்காமலிருக்கலாம்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டுக் கல்வி இலாகா 2022-ம் வருஷத்திலிருந்து சர்க்கார் பள்ளிக்கூடங்களில் மாதந்தோறும் சிறுவர்களுக்குப் படம் காட்டும் ஏற்பாட்டைத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குச் சாத்தியமானது கலாசாலைக்கு அசாத்தியமாகாது. கிருஷ்ணகிரி ஜில்லாவின் கலைக் கலாசாலைகள் சேர்ந்துள்ள சேலம் பெரியார் சர்வகலாசாலை, 'ஜே' ஷரத்தின் பொருளை விளக்கி எல்லாக் கலாசாலைத் தலைவர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பாதிப் பயம் நீங்கும். தனித்தனிக் கலாசாலை பேரம் பேசினால் முதலாளிக்கு லாபம். எல்லாக் கலாசாலைகளுக்குமாகச் சர்வகலாசாலையே படப் பிரதிகளை விலைக்கு வாங்கிப் பொதுப் புத்தகசாலையில் வைத்தால் ஒவ்வொரு கலாசாலைக்கும் ஆகும் செலவு சொற்பமே.

மத்திய சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. பொதுப் பணத்தில் எடுத்த படங்களின் பிரதியைக் கல்வி ஸ்தாபனங்களுக்கு இலவசமாக அளிக்க வேண்டும். 52-வது பிரிவு தரும் உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். கட்டணம் வாங்காத தொழிலாளர் விடுதிகளுக்கும், பொதுப் புத்தகசாலைகளுக்கும், கிராம வாசகசாலைகளுக்கும் அதே விலக்கை விஸ்தரிக்க வேண்டும். இந்தத் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் இந்த மூன்றையும் சபையில் கேட்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.

மாணவர்களுக்கும் தொழிற்சங்க ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கலாசாலைத் தலைவர் தயங்கினால் அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். சட்டத்தின் 52-வது பிரிவை ஒரு காகிதத்தில் எழுதி அவர் மேஜைமீது வையுங்கள்; யார் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற ஜாபிதாவையும் அதனுடன் வையுங்கள். அதற்குப் பிறகும் அவர் மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். தொழிற்சங்கத்தார் இன்றைக்குப் படம் காட்ட முடியாவிட்டாலும், தங்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்ற மகஜரில் இன்றைக்கே கையெழுத்து வாங்கலாம். ஜனங்களின் பிரதிநிதிகள் 1957-ல் கொடுத்த உரிமையை, கேட்பாரற்றுக் கிடக்கிறது என்ற காரணத்தால் இழந்துவிடக்கூடாது.